தமயந்தி என்றால் ஒன்றை அழுத்தவும்

மல்லேஸ்வரத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கச் சங்கமித்ராவுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எட்டாவது கிராஸ் தெருப் பூக்கடைகளைத் தாண்டி, இரண்டு தெரு உள்ளே போய், மறுபடி திரும்பி வந்து, ஒரு காபிக்கடையில் விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அவள் இரண்டு முறை கடந்துபோன அதே ஓட்டு வீடுதான் என்று. பெயர்ப்பலகை கிடையாது. கேட்டில் கட்டித் தொங்கவிட்ட ஓர் அட்டையில் 'போன்வழிப் பாடம் – மாடி' என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது.

அவளுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் ஓய்வு, வியாழக்கிழமை. அன்றைக்குத் தூங்கித் தீர்ப்பது என்று அவளுக்கும் அவள் உடம்புக்கும் பல வருஷத்து ஒப்பந்தம் இருந்தது. அதை மீறி நீலசந்திரா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வந்த காரியம் என்னவென்று கேட்டால் சின்னதுதான். போனில் பாடம் சொல்லும் எண்ணில் அவளை வேறு ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதை மாற்ற வேண்டும். மற்றதை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். சொன்னால் சிரிப்பார்கள்.

மரப்படி. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. ஏறும்போது நனைந்து காய்ந்த காகித வாசனை மூக்கில் ஏறியது. மேலே ஒரே அறை. தெருச்சத்தம் பதிவில் விழக்கூடாது என்பதற்காகச் சுவர் முழுக்கப் பழைய பஞ்சு மெத்தைகளை நிறுத்திக் கட்டியிருந்தார்கள். "சார்" என்று அவள் கூப்பிட்டது வாயை விட்டு இரண்டடி போய் அப்படியே நின்றுவிட்டது. அந்த அறைக்குள் எதிரொலி என்பதே இல்லை.

கம்ப்யூட்டர் முன்னால் மப்ளர் சுற்றிய ஒருவர் இருந்தார். ஸ்ரீகண்டன், அந்த எண்ணை நடத்துகிறவர். ஜன்னலோரம் காதில் ஹெட்போனோடு வெள்ளை முடிப் பெண்மணி ஒருவர். அவர் "வாங்கம்மா" என்றதுமே சங்கமித்ராவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான்கு மாதமாகத் தினமும் அவள் காதுக்குள் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நிருபமா மிஸ்.

"உக்காருங்கம்மா. ஸ்வல்ப நேரம், இதை முடிச்சிடறேன்," என்றார் ஸ்ரீகண்டன்.

உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே கண் சொருகிற்று. நாற்காலி கிடைத்தால் தூங்கிவிடுகிற வித்தையைப் பதினோரு வருஷத்து ஹவுஸ்கீப்பிங் வேலை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

அந்த வேலை பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு பெரிய கம்பெனிக் கட்டடத்தில். கேமரா போன் கேட்டைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. அதனால் துடைக்கிறவர்கள், கூட்டுகிறவர்கள் எல்லோர் கையிலும் பட்டன் போன்தான். போன நவம்பரில் காண்ட்ராக்ட் கை மாறியது. புது காண்ட்ராக்டர் வந்ததும் ஒரு காகிதத்தை ஒட்டினார்: ஜூன் முதல் பத்தாவது தேறியவர்களுக்கு மட்டும் வேலை. சங்கமித்ரா தனித்தேர்வு எழுதி மற்ற பாடமெல்லாம் தேறியிருந்தாள். கணக்கு மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டிருந்தது. புருஷன் சின்னப்பா பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவனால் கனமான வேலை எதுவும் செய்ய முடியவில்லை. ஏப்ரல் பரீட்சையில் அந்த ஒரு பேப்பர் போனால் வேலை போகும், வேலை போனால் வீடே போன மாதிரி.

மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டுப் பாடம் சொல்லும் எண் ஒன்று இருக்கிறது என்று கூட வேலை செய்யும் வீணாதான் சொன்னாள். இன்டர்நெட் வேண்டாம், பட்டன் போனே போதும். எட்டு நிமிஷப் பாடம், கடைசியில் நாலு கேள்வி. சரியான எண்ணை அழுத்தினால்தான் அடுத்த பாடம் திறக்கும். சந்தேகம் இருந்தால் பீப் சத்தத்துக்குப் பிறகு கேட்கலாம், மறுநாள் பதில் வரும். முதல் முறை சேரும்போது நம் பெயரை நாமே சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் "வணக்கம்" என்று மெஷின் சொல்லி நிறுத்தும், அந்த இடைவெளியில் நம் குரலிலேயே நம் பெயர் வரும்.

அவளுடைய பழைய சிம் செத்துப்போய், குடை நிழலில் சிம் விற்கிறவனிடம் புதிதாக ஒன்று வாங்கியிருந்தாள். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் பஸ் அசையாமல் நின்ற ஒரு சாயங்காலம் முதல் முறையாகக் கூப்பிட்டாள். வணக்கம் என்றது மெஷின். பின்னாலேயே தையல் மெஷின்கள் ஓடும் இரைச்சலும், அதற்கு நடுவில் ஒரு பெண் குரலும் வந்தது.

"தமயந்தி."

மெஷின் தொடர்ந்தது. "நீங்கள் கடைசியாகக் கேட்டது பாடம் முப்பத்தொன்பது. நீங்கள் தமயந்தி என்றால், விட்ட இடத்திலிருந்து தொடர ஒன்றை அழுத்தவும். புதியவர் என்றால், முதல் பாடத்திலிருந்து தொடங்க இரண்டை அழுத்தவும்."

மொத்தமே அறுபது பாடம். அதில் முப்பத்தொன்பதை எவளோ முடித்து வைத்திருக்கிறாள். அந்த எண்ணை முன்னால் வைத்திருந்தவளாக இருக்கும். ஒன்பது மணி நேரம் நின்ற கால், பஸ்ஸிலும் நின்றுகொண்டிருந்தது. கூட்டல் பெருக்கல் எல்லாம் நமக்குத் தெரியாததா, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. கட்டைவிரல் தானாக ஒன்றில் போய் அழுந்தியது.

அசதியில் மனுஷர் செய்கிற காரியம்தான். அவளைத் திட்டுவதற்கு யாருக்கும் மனசு வராது.

ஆரம்பத்தில் அது வேடிக்கையாகக்கூட இருந்தது. "தமயந்தி" என்று போன் சொன்னால், "வந்துட்டேன்டி" என்பாள். ஐந்தை அழுத்தினால் தமயந்தி கேட்ட பழைய சந்தேகங்களும் மிஸ் சொன்ன பதில்களும் வரும். அவை அத்தனையும் சங்கமித்ராவுக்கு இருந்த சந்தேகங்களே. கேட்க இவள் வெட்கப்பட்டதையெல்லாம் அவள் கூச்சமில்லாமல் கேட்டு வைத்திருந்தாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற துணை கிடைத்த மாதிரி இருந்தது.

பிப்ரவரியில் கணக்கு கோணலாயிற்று. நாற்பத்து நாலாம் பாடத்தில் விட்டால், மறுநாள் மெஷின் நாற்பத்தாறு என்றது. கேள்விகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் என்றது. தூக்கக் கலக்கத்தில் கேட்டிருப்போம் என்று விட்டாள். ஆனால் கேட்காத அந்தப் பாடங்கள் அவளுக்கு வரிசையாகத் தெரிந்திருந்தன. எப்படித் தெரியும் என்பதுதான் தெரியவில்லை. அவள் அப்பா புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பேய் என்பது ஏமாற்றுகிறவர்கள் விற்கிற சரக்கு என்று சொல்லி வளர்த்தவர். அவருடைய மகள், போனில் வரும் பெயரை மாற்ற மட்டும்தான் மல்லேஸ்வரம் வந்திருந்தாள்.

"நம்பர் சொல்லுங்கம்மா," என்றார் ஸ்ரீகண்டன்.

சொன்னாள். தட்டிக்கொண்டே வந்தவர் கடைசி இரண்டு எண்ணில் கையை எடுத்துவிட்டார்.

"மேடம், கொஞ்சம் இங்க பாருங்க."

நிருபமா எழுந்து வந்து திரையைப் பார்த்தார். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். "இந்த நம்பர் உங்களுக்கு எப்பிடிம்மா வந்துச்சு?"

"கடையில குடுத்தாங்க மிஸ். இதுல யாரோ தமயந்தின்னு பேரு வருது. அதை மட்டும் மாத்திக் குடுத்தா..."

"கார்மெண்ட்ஸ் பொண்ணு," என்றார் நிருபமா மெதுவாக. "கிருஷ்ணகிரிப் பக்கம். பத்தாவது பாஸ் பண்ணிக் காட்டறேன் மிஸ்னு தினமும் சொல்லும். ரெண்டு வருஷம் ஆச்சு. ஷிப்டு முடிஞ்சு ஓசூர் ரோட்டைத் தாண்டறப்போ போன்ல சந்தேகம் கேட்டுக்கிட்டே போயிருக்கு. கேள்வியை முழுசாக் கேட்டு முடிச்சிருச்சு. உடனே ஒரு பிரேக் சத்தம். அதுக்கப்புறமும் ஒரு நிமிஷம் ரெக்கார்டு ஓடுது. மறுநாள் காலையில நான்தான் அதைக் கேட்டேன்."

சங்கமித்ரா நாற்காலி நுனிக்கு வந்தாள். "என்ன பதில் சொன்னீங்க மிஸ்?"

"யாருக்குச் சொல்றது?"

மெத்தை கட்டிய அறையில் பேசாமலிருந்தால் காதை யாரோ கையால் பொத்திக்கொண்ட மாதிரி இருக்கிறது.

ஸ்ரீகண்டன் திரைப் பக்கம் திரும்பினார். "ஆனா இதுல இப்பவும் கேள்வி வந்துட்டிருக்கே. போன மாசத்துலேருந்து ஒம்பது. பாடமும் அம்பத்தி ஒண்ணு வரைக்கும் போயிருக்கு. எல்லாம் நீங்க கேட்டதுதானே?"

"நான் இதுவரைக்கும் ஒரு கேள்வியும் கேட்டதில்ல சார்."

"இன்னைக்குக்கூட ஒண்ணு இருக்கும்மா. ரெண்டு இருபதுக்கு."

ரெண்டு இருபதுக்கு அவள் பஸ்ஸில் இருந்தாள். போன் பைக்குள் இருந்தது.

"அப்ப நான் தூங்கிட்டு வந்தேன் சார்."

அவர் நிருபமாவைப் பார்த்தார். நிருபமா வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் அவர் விரல் அழுத்திவிட்டது.

முதலில் பஸ் இரைச்சல். கண்டக்டர் ஏதோ ஸ்டாப் பெயரைக் கன்னடத்தில் கத்துகிறார். பக்கத்தில் சீராக, கனமாக, ஒரு மூச்சு. கொஞ்சம் குறட்டை. அது தன்னுடைய குறட்டைதான் என்று சங்கமித்ராவுக்குப் புரிந்தது. சின்னப்பா கேலி செய்கிற அதே குறட்டை.

குறட்டை நின்றது.

வாயைத் திறக்கும் ஈரச் சத்தம்.

"மிஸ்," என்றது தமயந்தியின் குரல். "அவ தூங்கறா. அதான் மெதுவாப் பேசறேன்."

ஸ்ரீகண்டன் சத்தத்தைக் கூட்டினார்.

"பழைய சந்தேகம்தான் மிஸ். காலமும் வேலையும் கணக்குல. ஒரு வேலையை ஒருத்தி பாதி செஞ்சுட்டு நின்னுட்டா. மிச்சத்தை இன்னொருத்தி எடுத்து முடிக்கறா. அப்போ முடிஞ்ச வேலை யாரு பேருல சேரும் மிஸ்? ரெண்டு வருஷமாக் கேக்கறேன்."

பீப்.

மறுபடி குறட்டை கேட்பதற்கு முன்னால் பதிவு முடிந்துபோயிற்று.

நிருபமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கணக்குல அதுக்குப் பதில் கிடையாதும்மா," என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. "முதல் ஆள், ரெண்டாவது ஆள், அவ்வளவுதான். கணக்குல யாருக்கும் பேரே வெக்கறதில்ல."

"அழிச்சிடறேன்," என்றார் ஸ்ரீகண்டன். "நம்பரோட எல்லாத்தையும் அழிச்சிடறேன். நீங்க அந்த சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வாங்குங்க."

அவர் விரல் பட்டனுக்குப் போனபோது சங்கமித்ரா எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வாழ்க்கையில் வேற்று ஆம்பளை கையை அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"வேணாம் சார். ஹால் டிக்கெட் இந்த நம்பருக்குத்தான் வரும்."

"அதைக்கூட எப்பிடியாவது..."

"எனக்குத் தெரிஞ்ச கணக்கெல்லாம் அவ கேட்ட கணக்கு சார். முப்பத்தொன்பது பாடம் அவளோடது. அதுக்கு மேலயும் பாதி அவதான் கேட்டிருக்கா. அவ போனா கணக்கும் போயிடும்." அவள் பிடியை விடவில்லை. "இன்னும் மூணே வாரம். பரீட்சை முடியட்டும். அப்புறம் அழிச்சுக்கலாம்."

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பேயைவிட ஜூன் மாதம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டு வாடகை, சின்னப்பாவின் மாத்திரை, பதினோரு வருஷ வேலை எல்லாம் ஜூனுக்கு இந்தப் பக்கம்தான் நின்றன. படியிறங்கும்போது நிருபமா மேலிருந்து, "தூங்காம இரும்மா," என்றார். சங்கமித்ராவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

தூங்காமல் இருப்பதாவது!

அந்த மூன்று வாரமும் அவள் எதிர்த்துப் போராடவில்லை. உள்ளதைச் சொல்வதென்றால் அவளிடம் போராடத் தெம்பில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பாள், கண் சொருகும், காதுக்குள் ஒரு கிசுகிசுப்பு கேட்கும்.

"நீ தூங்கு. நான் பாத்துக்கறேன்."

மறுபடி கண் திறக்கும்போது பொம்மனஹள்ளி ஸ்டாப்பில் பையோடு இறங்கி நின்றுகொண்டிருப்பாள். போன் காதில் சுட்டுக்கொண்டிருக்கும். பாடம் ஐம்பத்தாறு என்று மெஷின் சொல்லும், ஐம்பத்தெட்டு என்று சொல்லும். நெரிசல், இடி, புழுக்கம் எதுவும் அவளுக்குத் தெரியாமல் கழிந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது. பதினோரு வருஷத்தில் "நான் பாத்துக்கறேன்" என்று அவளிடம் யாருமே சொன்னதில்லை.

ஒன்று மட்டும் இடித்தது. எவ்வளவு தூங்கினாலும் கால்வலி போகவில்லை. தூங்கத் தூங்க அதிகமாயிற்று.

பரீட்சைக்கு முந்தின நாள் கட்டடத்தில் ஆடிட் என்று சொல்லி, லீவு போட்ட இரண்டு பேர் வேலையையும் அவள் தலையில் கட்டினார்கள். மாட்டேன் என்றால் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம் என்பது போலப் பார்த்தார் காண்ட்ராக்டரின் ஆள். வீடு வந்து சேரும்போது காலை ஆறு. சின்னப்பா இடுப்புக்கு மின்சாரம் வைக்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கப் போய்விட்டிருந்தான். பரீட்சை பத்து மணிக்கு. குளித்தாள், ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்தாள், தலை வாரச் சுவரோரம் உட்கார்ந்தாள். பாதி முடி கையில் இருந்தது. ஐந்து நிமிஷம் என்று சுவரில் சாய்ந்தது நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச்சுவரில் இருந்தது.

மணி இரண்டரை.

பரீட்சை ஒன்றே காலுக்கே முடிந்திருக்கும். சங்கமித்ரா சத்தம் போடவில்லை. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். மூன்றாவது தடவையும் போயிற்று, இந்தத் தடவை எழுதாமலே போயிற்று. புருஷனிடம் என்ன சொல்வது, நாளைக்கு வீணா கேட்டால் என்ன சொல்வது, இப்படியும் ஒரு ஜென்மம் தூங்குமா என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

அடித்த கை நின்றது.

தலை பின்னியிருந்தது.

பாதியில் விட்ட முடியை யாரோ இறுக்கி, நெருக்கமாக, நுனி வரை பின்னி ரப்பர் போட்டிருந்தார்கள். சங்கமித்ரா கொண்டை போடுகிறவள். மெஷினில் முடி சிக்காமலிருக்க கார்மெண்ட்ஸ் பெண்கள்தான் அப்படிப் பின்னுவார்கள்.

கையைப் பார்த்தாள். நடுவிரல் ஓரத்தில் நீல மை.

பையைத் திறக்க அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. ஹால் டிக்கெட் மடித்தபடி இருந்தது. பிரித்தாள். கணக்கு என்ற வரிக்கு நேரே, அன்றைய தேதி போட்டு, ஹாலில் இருந்த வாத்தியாரின் கையெழுத்து.

சாயங்காலம் சின்னப்பா வந்து, "எப்பிடி எழுதின மித்ரா?" என்று கேட்டான்.

"எழுதியாச்சு," என்றாள். பொய் என்றும் சொல்ல முடியாது.

மே கடைசியில் ரிசல்ட் வந்தது. கணக்கில் எழுபத்து நாலு. சின்னப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று ஆடக்கூட ஆடினான். சங்கமித்ரா மறுநாளே ஸ்ரீகண்டனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். அழிச்சாச்சும்மா என்று அவர் சொன்னதும் சிம்மைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டிச் சாக்கடையில் போட்டாள். புது சிம்மில் பாடம் சொல்லும் எண்ணுக்கு அவள் கூப்பிடவே இல்லை.

ஜூன் ஒன்றாம் தேதி வேலை நிலைத்தது. நிலைத்ததோடு இல்லாமல், மூன்றாம் மாடிக்கு அவளையே சூப்பர்வைசராகப் போட்டார்கள். துடைப்பம் கையை விட்டுப் போய் வருகைப் பதிவேடு கைக்கு வந்தது. இருபத்திரண்டு பெயர், முதல் பெயர் அவளுடையது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முப்பது கட்டம். முதல் மூன்று நாள் அவள்தான் கையெழுத்துப் போட்டாள். மூன்று நாளும் காதுக்குள் கிசுகிசுப்பு இல்லை. பஸ்ஸில் கண் சொருகினால் சொருகிய இடத்திலேயே திறந்தது. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

நாலாம் தேதி வியாழக்கிழமை. ஒப்பந்தப்படி சாப்பிட்டுவிட்டுப் பாயைப் போட்டாள். நல்ல தூக்கம்.

எழுந்தபோது அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. சின்னப்பா தரையில் உட்கார்ந்து, தட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பேச்சு பேசற நீ இன்னைக்கு!" என்றான். "எத்தினி வருஷம் ஆச்சு இப்பிடி உக்காந்து பேசி. எப்பப் பாரு தூக்கம், தூக்கம்னு கெடப்பே. பாஸ் பண்ணினதும் ஆளே மாறிட்ட."

"நான்... இப்ப இன்னா பேசினேன்?"

"கிண்டலா? மத்தியானத்துலேருந்து வாய் ஓயல." அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "இப்பிடியே இரு மித்ரா. நல்லாருக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது, எல்லாவற்றையும் மீறி ஒரு பொறாமை வந்தது. நான் இல்லை, அது நான் இல்லை என்று அவன் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. சொன்னால் அந்த முகத்திலிருந்து சந்தோஷம் போய்விடும். இன்னொரு கரண்டி குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள். கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

அன்று அவள் படுக்கவே இல்லை. பாயைத் தொடாமல், கண்ணில் தண்ணீர் அடித்து அடித்து, விடியும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்காரவில்லை. நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். பொம்மனஹள்ளியில் இறங்கும்வரை ஒரு கணமும் கண் மூடவில்லை என்று அவளால் சத்தியம் செய்ய முடியும்.

மூன்றாம் மாடியில் வீணா மட்டும் பக்கெட்டோடு நின்றிருந்தாள்.

"என்னக்கா, மறுபடியும் கீழ போயிட்டு வரீங்களா?"

"மறுபடியுமா? இப்பதானே வரேன்."

"விளையாடாதீங்க. நான் வரப்பவே நீங்க உக்காந்து எழுதிட்டிருந்தீங்க. நான் தண்ணி பிடிச்சிட்டு வரதுக்குள்ள ஆளைக் காணோம்."

சங்கமித்ரா மேஜைக்குப் போனாள். பதிவேடு திறந்தே கிடந்தது. சுற்றிலும் மை வாசனை, பச்சையாக.

முதல் வரி, அவள் பெயர். ஒன்று, இரண்டு, மூன்று தேதிக் கட்டங்களில் அவளுடைய கோணல் கையெழுத்து. நாலு, ஓய்வு நாள், குறுக்குக்கோடு.

ஐந்தாம் தேதியிலிருந்து வேறு கை. சாய்வாக, அழகாக, அவசரமே இல்லாமல்.

தமயந்தி.

ஆறாம் தேதிக் கட்டத்தில் தமயந்தி. ஏழில் தமயந்தி. பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து என்று வரப்போகிற வியாழக்கிழமைகளில்கூட ஓய்வு எடுக்காமல், முப்பதாம் தேதி வரை கட்டம் கட்டமாக அந்தக் கை நிரப்பி வைத்திருந்தது. கடைசிக் கட்டத்தின் மை இன்னும் காயவில்லை.

சங்கமித்ரா பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடி நின்றாள். கையெழுத்துப் போட அவளுக்கு ஒரு கட்டம்கூட மீதி இல்லை.